சுவரில் சிவப்பு, கட்டிலில் வெள்ளை: ஹோட்டல்களின் நிறக் கணக்கு

1946ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு ரயில்வே கம்பெனி, போர்க்காலத்தில் கைவிட்டுப் போன தன் ஹோட்டலைத் திரும்ப வாங்கியது. ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் இருக்கும் அந்த ஹோட்டலின் பெயர் கிரீன்பிரையர். அமெரிக்கா போரில் இறங்கியதும் முதலில் அங்கே ஜெர்மனி, ஜப்பான் போன்ற எதிரி நாடுகளின் தூதரக ஆட்களைக் குடும்பத்தோடு வைத்துக் காவல் போட்டார்கள். அப்புறம் ராணுவமே கட்டடத்தை வாங்கி ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டது. போர் முடிவதற்குள் 24,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே சிகிச்சை பெற்றுப் போனார்கள். ராணுவம் காலி செய்தபோது பணக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கிய இடம் என்ற களை துளியும் இல்லை.

செசபீக் அண்டு ஓஹியோ ரயில்வேயின் தலைவர் ராபர்ட் யங், உள்ளலங்காரம் முழுவதையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தார். அவர் டோரதி டிரேப்பர். 1889ல் பிறந்தவர், நியூயார்க்கின் மேல்தட்டுக் குடும்பம். 1925லேயே சொந்தத் தொழில் தொடங்கியவர். நியூயார்க் கார்லைல் ஹோட்டலின் லாபி, சிகாகோ டிரேக் ஹோட்டலின் உணவுக்கூடம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார். கிரீன்பிரையரில் அவர் போட்ட கணக்கு அந்தக் காலத்துக்கே மிரட்டலானது: 45,000 கஜம் துணி, 40,000 கேலன் பெயின்ட், 34,567 சாமான்கள். 1948 ஏப்ரலில் பெரிய விருந்தோடு ஹோட்டல் மறுபடி திறந்தது.

உள்ளே போனவர்கள் பார்த்தது என்ன? கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போலத் தரை. பச்சை, வெள்ளை என்று கைகோத்துப் போகும் அகலப் பட்டைகள். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்திலேயே ரோஜா நிறம். கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் பளிச்சென்ற நீலம். சோஃபாவிலும் திரைச்சீலையிலும் தட்டு அகலத்துக்கு விரிந்த பூக்கள். மேற்கு வர்ஜீனியாவின் மாநில மலர் ரோடோடென்ட்ரான். அதையே பெரிதாக்கித் துணியில் அச்சடிக்கச் செய்தார். அங்கே கடிதம் எழுதவென்றே ஓர் அறை உண்டு: கரும்பச்சைச் சுவர், சிவப்புக் கம்பளம், நாற்காலி எல்லாம் பூத்துணி. சொல்லக் கேட்டால் கண்ணைக் கூசும் போலிருக்கும். படத்தில் பார்த்தாலோ அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. டிரேப்பர் நிறத்தைத் தாராளமாக அள்ளிக் கொட்டினார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மை என்றுதான் தோன்றுகிறது. அவர் அறைகளில் ஏறக்குறைய எப்போதும் வெள்ளை இருக்கும்: கதவு நிலை, கூரை ஓர வேலைப்பாடு, கணப்பைச் சுற்றிய சுதைவேலை. இரண்டு முரட்டு நிறங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நடுவே வெள்ளைக் கரை ஓடும். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம் என்று எதிரெதிராகப் போட்டாலும் இடையில் ஜரிகை ஓடினால் இரண்டும் சண்டை போடாது அல்லவா, அந்த மாதிரி. இன்னொன்று அளவு. சின்னப் பூவைச் சிவப்பில் போட்டால் தூரத்திலிருந்து பார்க்கக் கசகசவென்று அழுக்கு மாதிரி தெரியும். பெரிய பூவைப் போட்டால் பூவாகவே தெரியும். கூடம் பெரியது, தூரம் அதிகம். அதனால் பூவும் பட்டையும் பெரிதாயின. அடர்நிறத்தில் கைவைத்துத் தோற்கும் ஹோட்டல்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் விட்டிருக்கும்.

இத்தனைக்கும் டிரேப்பரின் திறமையைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அந்த நிறங்கள் இன்னும் இருக்கின்றன. முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஹோட்டல் உள்ளலங்காரத்துக்கு அது நம்ப முடியாத ஆயுள். டிரேப்பர் 1969ல் இறந்தார். அதற்கு முன்பே அவருடைய நிறுவனத்தை எடுத்துக்கொண்ட கார்ல்டன் வார்னி, 2022ல் தான் சாகும்வரை கிரீன்பிரையரின் அலங்காரத்தைக் கையில் வைத்திருந்தார். ரயில்வே போய், 2009ல் வேறு முதலாளி வந்தார். அப்போதும் அலங்காரம் அதே நிறுவனத்திடம்தான். வார்னி அப்படியே பாதுகாத்தார் என்று சொல்ல முடியாது. நிறங்களை இன்னும் ஏற்றினார், புதுப் பூக்களைச் சேர்த்தார். ஆனால் ஒரே கை, ஒரே கண். ஒரு கம்பளம் தேய்ந்தால் அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று தீர்மானிக்க ஆள் இருந்தார்.

இதே ஹோட்டலின் அடியில் 1950களின் கடைசியில் அமெரிக்க அரசு ரகசியமாக ஒரு பதுங்கிடம் கட்டியது. அணுப்போர் வந்தால் நாடாளுமன்றமே அதற்குள் போய் உட்கார வேண்டும் என்பது திட்டம். 1992ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை அதை வெளியே போட்டு உடைக்கும்வரை முப்பதாண்டு யாருக்கும் தெரியாது. ராட்சத இரும்புக் கதவு ஒன்றை எதைக் கொண்டு மறைத்தார்கள் தெரியுமா? வால்பேப்பர் ஒட்டிய தடுப்பால். எங்கே திரும்பினாலும் பூவும் பட்டையுமாக இருக்கும் கட்டடத்தில் இன்னொரு பூச்சுவரை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அடர்நிறம் இவ்வளவு வேலை செய்யும் என்றால், நாம் போய்த் தங்கும் ஹோட்டல்களில் பத்துக்கு எட்டு ஏன் சந்தனம், சாம்பல், பழுப்பு என்றே இருக்கின்றன? ரசனை செத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது சரியான பதில் இல்லை. பெரும்பாலான பெரிய ஹோட்டல்களில் பெயர்ப்பலகை ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது, நடத்துவது மூன்றாமவர். பலகைக்காரர் கட்டடக்காரரிடம் ஒரு தடித்த விதிப்புத்தகத்தைக் கொடுப்பார்: விளக்கு இப்படி, கம்பளம் இப்படி. கட்டடக்காரர் வருவாயில் வழக்கமாக 4 சதவீதம் அளவுக்குத் தனியே ஒதுக்கி வைத்து, திரைச்சீலை, கம்பளம், மெத்தை உறை போன்றவற்றை ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறையும், மரச் சாமான்களை அதைப்போல இரண்டு மடங்கு காலத்துக்கு ஒருமுறையும் மாற்றுவார். ஒப்பந்தம் முடிந்தால் பலகையே மாறும். நாளைக்கு வேறு பெயர் ஏறப்போகும் சுவரில் இன்றைக்கு மிளகாய்ப்பழச் சிவப்பை யார் அடிப்பார்? பழுப்பு நிறம் யாருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மூன்று பேரில் ஒருவரும் ஆட்சேபிக்காமல் இருந்தால் போதும். அந்தக் கூட்டத்தில் ஜெயிப்பது எப்போதும் அதுதான்.

படுக்கையின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 1990கள் வரைக்கும் அமெரிக்க ஹோட்டல் கட்டில்களின் மேல் கனமான பூப்போட்ட விரிப்பு கிடக்கும். கருஞ்சிவப்பு, கரும்பச்சை, இடையிடையே தங்கப் பழுப்பு. பார்க்க நிறமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிறத்துக்கு வேலை அலங்காரம் இல்லை, கறையை மறைப்பது. கீழே இருக்கும் விரிப்பைத் தினம் துவைப்பார்கள். மேலே கிடப்பதை ஒவ்வொரு விருந்தினருக்கும் துவைப்பதில்லை. இது மெல்ல மெல்ல ஊருக்கே தெரிந்துபோனது. அறைக்குள் நுழைந்ததும் அந்த விரிப்பை விரல் நுனியால் பிடித்து மூலையில் தள்ளிவிடுவது பலருக்கு வழக்கமாயிற்று.

1999ல் வெஸ்டின் ஹோட்டல்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெத்தை முதல் தலையணை வரை முழு வெள்ளையில் ஒரு படுக்கையைக் கொண்டுவந்தன. ஹெவன்லி பெட் என்று பெயரிட்டு விளம்பரம் செய்தார்கள். வெள்ளையில் ஒரு முடி கிடந்தாலும் தெரியும். அதனால் வெள்ளை கிடந்தால் துவைத்தது என்று வருகிறவர் நம்பினார். போட்டியாளர்கள் சும்மா இருக்க முடியவில்லை. 2005ல் மாரியட் உலகெங்கும் 6,28,000 படுக்கைகளை மாற்றப் போவதாக அறிவித்தது. பத்தாண்டுக்குள் நட்சத்திர ஹோட்டல் என்றாலே வெள்ளைப் படுக்கை என்றாகிவிட்டது. நம் ஊர் லாட்ஜ்களில்கூட இப்போது வெள்ளைதான். காலடியில் மட்டும் அரக்கு நிறத்தில் ஒரு பட்டைத் துணி கிடக்கும்.

லாண்ட்ரிக்காரர்களுக்கு வெள்ளையின் மேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு கட்டிலுக்கு வழக்கமாக மூன்று செட் வைத்திருப்பார்கள்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். எல்லாம் வெள்ளை என்றால் ஐநூறு விரிப்புகளையும் ஒரே கொதிநீரில் ப்ளீச் போட்டு அலசலாம். எந்த விரிப்பும் எந்தக் கட்டிலுக்கும் போகலாம். எட்டு முறை துவைத்ததற்குப் பக்கத்தில் எண்பது முறை துவைத்த தலையணை உறையைப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுவே மயில்கழுத்து நிறமாக இருந்தால்? ஒரு மாதத்தில் கட்டிலில் மூன்று வகை மயில்கழுத்து கிடக்கும். ஆகவே படுக்கையில் வெள்ளை என்பதைச் சலிப்பின் அடையாளமாகப் பார்க்க வேண்டாம். நிறம் துணிச்சலாக நிற்கும் ஹோட்டல்களிலும் படுக்கை வெள்ளைதான்.

லண்டனில் கிட் கெம்ப் செய்வதைப் பார்த்தால் இது புரியும். அவரும் கணவர் டிம் கெம்பும் 1985ல் டோர்செட் ஸ்குவேரில் முதல் ஹோட்டலைத் திறந்தார்கள். இப்போது ஃபர்ம்டேல் என்ற பெயரில் லண்டனிலும் நியூயார்க்கிலும் பல இருக்கின்றன. இரண்டு அறை ஒரே மாதிரி இருக்காது. கட்டிலின் தலைமாட்டுப் பலகை சுவரில் பாதி உயரத்துக்கு எழும்பி நிற்கும், அதில் ஆரஞ்சும் நீலமுமாகப் பெரிய வேலைப்பாட்டுத் துணி. அதற்குக் கீழே கட்டில் விரிப்பு சலவை வெள்ளை. விருந்தினரின் உடம்பு படும் இடத்தை வெள்ளைக்கு விட்டுவிட்டு, தலைக்கு மேலே உள்ள சுவரை நிறத்துக்குக் கொடுத்திருக்கிறார். புகைப்படம் எடுத்தால் சட்டகத்தை நிரப்புவது தலைமாடுதான். துவைக்கப் போவது விரிப்பு மட்டும். இதெல்லாம் அவரால் முடிவதற்குக் காரணம் கற்பனை மட்டும் இல்லை. ஹோட்டல் சொந்தம், நடத்துவது சொந்தம், அலங்காரமும் சொந்தம். கையெழுத்து வாங்க வெளியாளிடம் போக வேண்டியதில்லை.

கவனிக்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்லலாம். முதலாவது டிரேப்பருடையதே. பிரேசிலின் பெட்ரோபொலிஸ் நகரில் கிட்டாண்டின்யா என்ற மாபெரும் சூதாட்ட ஹோட்டலுக்கு அவர் நிறம் கொடுத்தார். 1944ல் திறந்தது. 1946ல் பிரேசில் அரசு சூதாட்டத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. ஹோட்டலின் வருமானமே அடிபட்டுப் போயிற்று. அறைகள் நாளடைவில் குடியிருப்புகளாக விற்கப்பட்டன. நிறத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, கல்லாப்பெட்டி காலி.

இரண்டாவது டென்மார்க்கில். 1960ல் ஆர்னே யாகப்சன் கோபன்ஹேகனில் எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலைக் கட்டினார். கட்டடம், நாற்காலி, விளக்கு, கதவுப்பிடி, சாப்பிடும் முள்கரண்டி வரை அவர் வரைந்ததுதான். அறைகளுக்குக் கடல்நீர்ப் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். காலப்போக்கில் ஹோட்டல்காரர்கள் ஒவ்வொரு மாடியாகப் புதுப்பித்தார்கள், ஒவ்வொரு முறையும் அந்தக் காலத்துக்குத் தகுந்த மாதிரி. கடைசியில் பழைய நிறத்தோடு நின்றது ஒரே ஒரு அறை, 606. அதை மட்டும் யாகப்சன் நினைவாக அப்படியே வைத்திருக்கிறார்கள். கிரீன்பிரையரின் அலங்காரத்தைவிட யாகப்சனுடையது தரத்தில் குறைந்ததா? நிச்சயம் இல்லை. அங்கே தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஒரு வார்னி இல்லை, அவ்வளவுதான்.

கவனிக்க ஆள் குறைந்தாலும் நிறம் தாக்குப்பிடிக்க வேறு வழி உண்டா? உண்டு. நிறத்தை எதில் ஏற்றுகிறோம் என்பதில் இருக்கிறது.

இத்தாலியின் சொரெந்தோவில் கடலைப் பார்த்த பாறை உச்சியில் ஜியோ பொந்தி 1962ல் முடித்த பார்கோ தேய் பிரின்சிபி ஹோட்டல் இதற்கு நல்ல சாட்சி. அவர் எடுத்தது நீலம் ஒன்றுதான். வெளிர்நீலம், கருநீலம், வெள்ளை; வேறு நிறத்துக்கு அனுமதியே இல்லை. ஆனால் தரைக்கு முப்பது வகை டைல் வரைந்தார்: பிறை, நட்சத்திரம், இலை, வட்டம், கோடு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் ஒரு கோலம், வேறு பக்கம் திருப்பினால் இன்னொரு கோலம். இப்படியே நூறு அறைகளுக்கு நூறு தரை. சுவரெல்லாம் வெள்ளை. நிறம் முழுவதும் காலுக்கடியில் சுட்ட மண்ணில் இருக்கிறது. சன்னல் வழியே உப்புக்காற்று அடிக்கும், வெயில் அடிக்கும், ஈரக்காலோடு ஆட்கள் வருவார்கள். அறுபதாண்டாக அது வெளிறவில்லை. ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டதில் இன்னொரு சௌகரியம்: பின்னால் வருகிறவருக்குக் குழப்பமே இல்லை. நாற்காலி உறை கிழிந்தால் நீலம், திரை கிழிந்தால் நீலம். விதி இவ்வளவு எளிதாக இருந்தால் யார் வந்தாலும் கெடுக்க முடியாது.

நமக்குத் தெரிந்த ஆத்தங்குடிக் கல் இதே குணம் உள்ளது, இன்னும் ஒரு படி மேல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளைக்குப் போவதில்லை. கண்ணாடி பட்ட பக்கம் வழவழப்பாக வந்துவிடும். நிறம் பூச்சாக இல்லாமல் கல்லின் மேல்பாகத்தோடு சேர்ந்து இறுகிவிடுவதால், நடக்க நடக்க மினுங்குமே தவிர உரியாது. செட்டிநாட்டில் ஹோட்டல்களாக மாறிய வீடுகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான தரை அப்படியே நிற்க, சுவரை வெறும் சுண்ணாம்பு வெள்ளையாக விட்டிருப்பதைப் பார்க்கலாம். புதிதாக ஓர் அலங்காரக்காரரைக் கூப்பிட்டால்கூட அந்தத் தரைக்கு மேல் அவர் செய்ய அதிகம் இருக்காது.

தரைக்கு நேர் எதிர்ப்பக்கம் இலங்கையில் பெந்தோட்டை. ஜெஃப்ரி பாவா கட்டி 1969ல் முடிந்த பெந்தோட்டை பீச் ஹோட்டலில், கீழே கல்கோட்டை வாசல் மாதிரி இருட்டான நுழைவு. படியேறி மேலே வந்து அண்ணாந்து பார்த்தால் வரவேற்புக் கூடத்தின் கூரை முழுக்க எனா டி சில்வாவின் பாத்திக் துணி. கொடிச்சீலைகளை விரித்துக் கட்டிய மாதிரி சிவப்பு, ஆரஞ்சு, நீலம். சுவரும் தரையும் அடக்கமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் ஹோட்டலில் நிறத்துக்கு மிகப் பாதுகாப்பான இடம் கூரைதான். பெட்டி இடிக்காது, குழந்தை கிறுக்காது, எண்ணெய்த் தலை சாயாது, நேர்வெயிலும் விழாது. இருந்தும் உலகம் முழுக்க ஹோட்டல் கூரைகள் வெள்ளையாகவே கிடக்கின்றன. தீயணைப்புத் தெளிப்பானும் ஏசி வாயும் துளைத்துக்கொண்டு வருவதால் அலங்காரக்காரர்கள் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

அப்படியானால் சுவரில் அடிக்கும் பெயின்ட் கெட்ட தேர்வா? மெக்சிகோ நகரத்தின் கமினோ ரியால் ஹோட்டலைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். 1968 ஒலிம்பிக்குக்காக ரிக்கார்டோ லெகொரெட்டா கட்டியது. வாசலில் நம் ஊரில் ராணி கலர் என்று சொல்கிற அந்த அழுத்தமான ரோஜா நிறத்தில் ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்டச் சல்லடைச் சுவர், உள்ளே அப்பட்டமான மஞ்சள். மெக்சிகோ வெயிலில் எந்தச் சாயமும் சில ஆண்டுகளில் மங்கும். மங்கினால் திரும்ப அடிக்கிறார்கள். பெயின்டின் பலம் இதுதான்: மலிவு, மறுபடி அடிக்கலாம். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் இளஞ்சிவப்பும் 1948லிருந்து இப்படித்தான் நிற்கிறது. இடையில் இரண்டரை ஆண்டு மூடி, முழுக்கப் பழுதுபார்த்து 1995ல் திறந்தபோதும் அதே நிறத்தை அடித்தார்கள், நடைவழிகளில் அதே வாழையிலை வால்பேப்பரை ஒட்டினார்கள். அந்த நிறம் ஹோட்டலின் பெயராகவே ஆகிவிட்டது, மாற்றினால் நஷ்டம். கவனிக்க வைக்கும் காரணம் ரசனையாகவும் இருக்கலாம், கல்லாவாகவும் இருக்கலாம்.

ஆனால் அடர் பெயின்டில் சில தொல்லைகள் உண்டு. நிறக்கடையில் பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ கேட்டால், வெள்ளைச் சாயம் அதிகம் கலக்காத டீப் பேஸ் என்ற டப்பாவில்தான் கலந்து கொடுப்பார்கள். பழைய சுவரை மூடி மறைக்கும் வேலையைச் செய்வது அந்த வெள்ளைச் சாயம், டைட்டானியம் டை ஆக்சைடு. அது குறைந்தால் இரண்டு கோட்டில் முடிய வேண்டியது நான்கு கோட்டுக்குப் போகும். கீழே சாம்பல் நிற பிரைமர் அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு மேலே சிவப்பைப் பூசிப் பூசி மாய்கிறவர்கள்தான் அதிகம். அப்புறம் நடைவழி. சக்கரப் பெட்டிகள் இடுப்புக்குக் கீழே சுவரை உரசிக்கொண்டே போகும். சந்தனச் சுவரில் உரசல் பெரிதாகத் தெரியாது. கருநீல மேட் பெயின்டில் வெள்ளைக் கீறல் விழும். துணியால் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். தொட்டுத் தொட்டுப் பூசினாலும் தேமல் மாதிரி தெரியும். மூலையிலிருந்து மூலைக்கு முழுச் சுவரையும் அடித்தாக வேண்டும். இதை அறிந்தவர்கள் இடுப்பு உயரம்வரை மரப்பலகையோ டைலோ வைத்துவிட்டு, நிறத்தை அதற்கு மேலே தொடங்குகிறார்கள்.

துணிக்கு இன்னொரு கவலை. சாயம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்பதை நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை தரம் போடுவார்கள். மேற்கு பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் தரம் 4 உள்ள சிவப்புச் சோஃபாவைப் போட்டால், அதன் முதுகுப் பக்கம் சீக்கிரமே காவிக்கு மாறிவிடும்.

இவற்றையெல்லாம் விட அதிகமாக ஏமாற்றுவது விளக்கு. நிற அட்டையைக் கடையின் வெள்ளை டியூப்லைட்டில் பார்த்து மரகதப் பச்சையைத் தேர்ந்தெடுப்போம். ஹோட்டல் அறையிலோ 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அந்த ஒளியில் நீலம் குறைவு. பச்சையில் இருந்த நீலம் வெளியே வர வழியில்லாமல் சுவர் பாசி நிறமாகச் சோர்ந்து நிற்கும். சிவப்பும் ஆரஞ்சும் அதே விளக்கில் செழித்துப்போகும். பகலில் ஒரே நிறமாகத் தெரிந்த திரையும் மெத்தை உறையும் ராத்திரி விளக்கில் இரண்டாகப் பிரிந்து தெரிவதும் உண்டு, ஏனென்றால் இரண்டிலும் சாயக் கலவை வேறு. போதாததற்கு, அடர்நிறச் சுவர் ஒளியை விழுங்கும். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கருநீலம் பத்து சதவீதம்கூடத் தராது. சுவரை மட்டும் மாற்றிவிட்டு விளக்கை மாற்றாத அறையில் விருந்தினர் முதலில் செய்யும் காரியம், வரவேற்பறைக்குப் போன் போட்டு பல்பு எரியவில்லை என்பது.

நிறத்துக்கு மனோதத்துவக் காரணம் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்: நீலம் தூக்கம் தரும், சிவப்பு பசியைத் தூண்டும், பச்சை மன அழுத்தத்தைக் குறைக்கும். 1979ல் அமெரிக்கக் கடற்படைச் சிறை ஒன்றில் அறைக்கு ஒருவகை ரோஜா நிறம் அடித்துவிட்டு, கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்று அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் பிங்க் என்றே பெயர் வந்தது. உலகெங்கும் பல சிறைகள் அடித்துப் பார்த்தன. பின்னால் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறையில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெள்ளை அறைக்கும் அதற்கும் வித்தியாசம் தென்படவில்லை. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதைகளை நம்பி ஒரு மாடி முழுக்க நீலம் அடிப்பதைவிட, இந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அடிப்பது நேர்மை. ஹோட்டலுக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு: வருகிறவர் இரண்டு ராத்திரி இருந்துவிட்டுப் போய்விடுவார். வீட்டில் தினமும் விழித்தால் அலுத்துப்போகும் சிவப்பு, அங்கே அலுக்க நேரமே இல்லை.

சங்கிலி ஹோட்டல்கள் இதற்குள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டன. 2008ல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் தொடங்கிய சிட்டிசன்எம் ஹோட்டலில் சின்னஞ்சிறு அறைகள். விருந்தினர் தான் விரும்பும் நிறத்தில் விளக்கை மாற்றிக்கொள்ளலாம், ஊதா வேண்டுமா, பச்சை வேண்டுமா. நிறத்தைச் சுவரிலிருந்து எடுத்து பல்புக்குள் வைத்தாயிற்று. பெயின்டர் வேண்டாம், கீறல் இல்லை, பலகை மாறினாலும் கவலை இல்லை. விதிப்புத்தகக்காரருக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் ஊதா வெளிச்சத்தில் யார் முகமும் நோயாளி மாதிரிதான் இருக்கும், கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது. இரண்டு நிமிஷம் விளையாடிவிட்டு வெள்ளைக்கே திருப்புவோம். திருப்பியதும் அறையில் ஒன்றும் மிஞ்சாது.

சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறவருக்கு இதில் வசதி அதிகம். கையெழுத்து அவருடையதே, பத்துப் பன்னிரண்டு அறைதான். எடுத்தவுடன் எல்லா அறையையும் அடிக்காமல், ஓர் அறையில் ஒரே ஒரு சுவரில், கைக்குட்டை அளவில் இல்லாமல் ஒரு கதவு அளவுக்கு அடித்து, ராத்திரி எட்டு மணிக்கு அந்த அறையின் சொந்த விளக்கில் பார்க்க வேண்டும். சின்ன அட்டையில் மிதமாகத் தெரிந்த நிறம் சுவரில் ஏறியதும் இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்பதால், நினைத்ததைவிட ஒரு படி மங்கலாக எடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். பிடித்துவிட்டால் பெயின்டின் கம்பெனி, நிற எண், பேஸ், மேட்டா பளபளப்பா என்பதை நோட்டில் எழுதி, டப்பாவின் மூடியையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது. துணி என்றால் இரண்டு மீட்டர் கூடுதல். ஆத்தங்குடிக் கல் என்றால் அறைக்குப் பத்துப் பதினைந்து கூடுதல், ஏனென்றால் அடுத்த ஆண்டு அதே பட்டறையில் அதே பூவைக் கேட்டாலும் கைக்கலவையில் சிவப்பு கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும்.